சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை: பேட்ச் போடலாமா, மாத்தணுமா? (வேகன் ஆர் 2011)

கடலோர_வேகன் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2011 வேகன் ஆர், பெட்ரோல். இருக்கிறது திருவொற்றியூர்ல, கடலுக்கு ரெண்டு தெரு தள்ளி. கொஞ்ச நாளா பின்னாடி பயங்கர சத்தம். ஆக்சிலரேட்டர் மிதிச்சா தெருவே திரும்பிப் பாக்குது. குனிஞ்சு பாத்தா பின் சைலன்சர் டப்பாவுல, அடிப்பக்கம் வெல்டு ஓரமா, கட்டைவிரல் நுழையுற அளவுக்கு ஓட்டை. பைப்பும் டப்பாவும் சேர்ற ஃப்ளாஞ்ச்லயும் துரு உதிருது.

சர்வீஸ் சென்டர்ல பின் சைலன்சர், நடு பைப் ரெண்டையும் மாத்தணும்னு சொல்லி லேபரோட 11,800 எஸ்டிமேட் கொடுத்தாங்க. வீட்டுப் பக்கத்துப் பட்டறைல தகடு வச்சு வெல்டு அடிச்சுத் தர்றேன், 400 கொடுங்கன்றார். ரெண்டுக்கும் நடுவுல வழியே இல்லையா? அடுத்த வருஷம் 15 வருஷ எஃப்சி (ஃபிட்னஸ் சர்டிபிகேட் சோதனை) வருது. அதைத் தாண்டியும் கொஞ்ச காலம் ஓட்டணும்னு ஆசை.

பழைய_எண்ணூறு

யாருக்கும் காசு கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை பாருங்க. எஞ்சின் நல்லா ஆறட்டும். ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால டப்பாவைச் சுத்தி, பைப் முழுக்கத் தட்டிட்டே வாங்க. நல்ல தகடு டங்குனு கேக்கும், செத்த தகடு தொப்புனு கேக்கும். சந்தேகமான இடத்துல முனையால லேசா குத்துங்க. உள்ள போயிடுச்சுன்னா அந்த 400 ரூபாயும் தண்டம்.

கீழ படுக்கறதா இருந்தா ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீங்க. ஸ்டாண்ட் வைங்க, இல்ல ரேம்ப் இருக்கிற பட்டறைல தூக்கச் சொல்லிப் பாருங்க.

ஊர்சுத்தி

எம்-சீல் பூசி விடுங்க ப்ரோ. 50 ரூபாயில வேலை முடிஞ்சது. தண்ணி டேங்க் ஓட்டையே நிக்குது, இது நிக்காதா?

பழைய_எண்ணூறு

தண்ணி டேங்க் சூடாகாதே ப்ரோ. சாதாரண எம்-சீல் சைலன்சர் சூட்டுல கருகி உதிர்ந்துடும். எக்ஸாஸ்ட்டுக்குன்னே தனியா பேஸ்ட் விக்குறாங்க, அது சூடு தாங்கும். ஆனா அதுவும் ஊசி ஓட்டைக்கும் ஜாயின்ட் கசிவுக்கும்தான். தகடு நல்லா இருந்து, துருவைத் தேய்ச்சு எடுத்துட்டுப் பூசினா கொஞ்ச நாள் வரும். ஊர்ல இருந்து வர்ற வழியில பைப் ஓட்டையாச்சுன்னா, கூல்டிரிங்க் டின்னை வெட்டி மேல சுத்தி, ரெண்டு பக்கமும் ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கி வீடு வந்து சேரலாம். அதைப் போட்டுட்டு அப்படியே தீபாவளி வரைக்கும் ஓட்டுறவங்களும் இருக்காங்க, அது வேற கதை.

கடலோர_வேகன்

தட்டிப் பாத்துட்டேன் சார். ஓட்டையைச் சுத்தி ஒரு கை அகலத்துக்குத் தொப்புதான். குத்தினதுல இன்னொரு ஓட்டை விழுந்துடுச்சு, உள்ள இருந்து துருத்தூள் ஒரு பிடி கொட்டுச்சு. டப்பாவைக் குலுக்கினா உள்ள ஏதோ உருளுது. நடு பைப் மட்டும் முழுக்க டங்குனு கேக்குது, மேல செந்துரு இருக்கு, அவ்வளவுதான். ஃப்ளாஞ்ச்ல நட்டு எது போல்ட் எதுன்னே தெரியல.

மதுரை_பட்டறை

நான் இந்த வேலைதான் பாக்குறேன், சைலன்சர் தினம் வரும். அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

தம்பி, உள்ள உருளுதுன்னு சொன்னீங்க பாருங்க, அதோட பேட்ச் பேச்சு முடிஞ்சது. டப்பாவுக்குள்ள ஓட்டை ஓட்டையா போட்ட குழாயும் தடுப்புத் தகடும் இருக்கும். சத்தத்தை அடக்குறதே அதுதான். அது கழண்டு உருளும்போது வெளிய எவ்வளவு அழகா பத்த வச்சாலும் சத்தம் முழுசா போகாது. கழண்ட துண்டு புகை போற வழியை மறிச்சா வண்டியும் இழுக்காது.

பேட்ச் எங்க நிக்கும்? ஓட்டையைச் சுத்தி ரெண்டு இஞ்சுக்காவது நல்ல தகடு இருக்கணும். டப்பா தகடே ஒரு மில்லி சொச்சம்தான். துரு தின்ன பிறகு அது அப்பளம். அதுல தடிச்ச ராடு வச்சு ஆர்க் அடிச்சா, ஒரு ஓட்டையை அடைக்கப் போய் பக்கத்துல மூணு ஓட்டை விழும். மெல்லிசு தகடுக்கு கேஸ் வெல்டிங் இல்லன்னா சிஓ2 வெல்டிங்தான் சரி. பட்டறைக்குப் போனதும் எதுல அடிப்பீங்கன்னு கேளுங்க. ஜிஐ தகடு வச்சு அடிக்கிறேன்னா வேணாம்னு சொல்லுங்க. அந்தத் துத்தநாகப் பூச்சு எரிஞ்சு வர்ற வெள்ளைப் புகையைச் சுவாசிச்சா அன்னைக்கு ராத்திரி காய்ச்சல் வரும். எனக்கு வேலை கத்துக் கொடுத்தவர் முதல் நாளே சொன்னது அது.

எங்க அடிச்சாலும் சைலன்சரைக் கழட்டி கீழ வச்சு அடிக்கச் சொல்லுங்க. பெட்ரோல் டேங்க் பக்கத்துல தீப்பொறி பறக்கக் கூடாது. கழட்டவே முடியாம வண்டியிலயே அடிச்சாகணும்னா பேட்டரி நெகட்டிவை எடுத்துடணும், எர்த் கிளிப் வெல்டு பண்ற இடத்துக்குப் பக்கத்துலயே இருக்கணும். இல்லன்னா எஞ்சினை நடத்துற கம்ப்யூட்டர், அதான் ஈசிஎம், போயிடும். அது போனா 11,800 எல்லாம் ஒரு செலவே இல்லன்னு தோணும்.

உங்க கேஸ்ல நான் பண்றது: நடு பைப்பைத் தொட மாட்டேன். அது மேலோட்டமா வந்த செந்துருதான், தேய்ச்சா போகும். ஃப்ளாஞ்ச் போல்ட்டைக் கிரைண்டர் போட்டு அறுத்துட்டு, ஃப்ளாஞ்ச் தின்னு போயிருந்தா அதை மட்டும் வெட்டிப் புதுசு வச்சு பத்த வைப்பேன். பின் டப்பா வெளி மார்க்கெட்ல புதுசா வாங்கி மாட்டுவேன். புது போல்ட்டுக்கு நைலாக் நட்டு போட விடாதீங்க. உள்ள இருக்கிற நைலான் சூட்டுல உருகிடும், நட்டு தானா கழண்டுடும். முழு இரும்பு லாக் நட்டு கேளுங்க. கேஸ்கட்டும் புதுசுதான் போடணும், பழசைத் திருப்பிப் போட்டா அங்கயே உஸ்ஸுனு அடிக்கும்.

கோவைக்காரி

பட்டறை அண்ணா எழுதினதோட ஒண்ணு சேர்க்கிறேன். ஓட்டை எங்க இருக்குன்றதைப் பொறுத்துத்தான் எவ்வளவு அவசரம்னு முடிவு பண்ணணும். இவருக்கு இருக்கிறது கடைசி டப்பாவுல. சத்தம்தான் பெரிய பிரச்சினை. அதே ஓட்டை முன்பக்கம், ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னாடி இருந்தா கதை வேற. புகை துடிச்சுத் துடிச்சுத்தான் வெளிய போகும். ரெண்டு துடிப்புக்கு நடுவுல அந்த ஓட்டை வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சென்சார் அந்த ஆக்சிஜனைப் பாத்து "பெட்ரோல் பத்தல"ன்னு சொல்லும், ஈசிஎம் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் போச்சுன்னு பிளக்கு, ஃபில்டர்னு மாத்திக்கிட்டே இருப்போம், காரணம் கீழ ஒரு கேஸ்கட்.

அதை விட முக்கியம் கார்பன் மோனாக்சைடு. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. புகை வாசனை வரல, அதனால பயமில்லன்னு நினைக்க முடியாது. சீட்டுக்குக் கீழ பைப் ஓட்டையா இருந்து, தரைத் தகட்டுல ரப்பர் அடைப்பான் ஒண்ணு விழுந்திருந்தா போதும். ஏசி போட்டு கண்ணாடி ஏத்தி போகும்போது எல்லாருக்கும் சேர்ந்தாப்ல தலைவலி, குமட்டல், தூக்கம் வந்தா உடனே நிறுத்தி இறங்கிடணும்.

கசிவு கண்டுபிடிக்க: எஞ்சின் ஆறினதும் ஸ்டார்ட் பண்ணி, இன்னொருத்தர் கையுறை போட்டு ஈரத்துணியால டெயில் பைப்பைச் சில நொடி அடைச்சுப் பிடிக்கணும். உஸ் சத்தம் எங்க வருதுன்னு காது காட்டிக் கொடுக்கும். ஜாயின்ட்ல கரிப்புகைக் கோடு இருந்தா அதுவே சாட்சி. இதை மூடின கராஜ்ல பண்ணாதீங்க.

மைலேஜ்_மாமன்

இவ்வளவு எதுக்கு? பட்டறைக்குப் போறதே போறீங்க, புகையைச் சுத்தம் பண்ற அந்த கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள தேன்கூடு மாதிரி இருக்கிறதையும் கம்பி விட்டு உடைச்சு எடுத்துடுங்க. வண்டி சும்மா பறக்கும். உடைச்சதைப் பழைய இரும்புக்காரன் நல்ல விலைக்கு எடுப்பான், சைலன்சர் செலவு அதுலயே வந்துடும்.

பழைய_எண்ணூறு

மாமா, அவன் ஏன் நல்ல விலை கொடுக்கிறான்? உள்ள பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கு. உங்க கிட்ட வாங்குற விலைக்கும் அவன் விக்கிற விலைக்கும் உள்ள தூரத்தைக் கேட்டா அழுவீங்க.

1995 ஏப்ரல்ல சென்னை, டெல்லி, மும்பை, கல்கத்தா நாலு ஊர்லயும் புது பெட்ரோல் கார்னா கன்வெர்ட்டர் கட்டாயம்னு வந்தது. ஈயம் கலந்த பெட்ரோல் போட்டா கன்வெர்ட்டர் செத்துடும்னுதான் ஈயமில்லாத பெட்ரோலும் அப்பவே வந்தது. அப்போ பங்க்ல தனி பம்ப் இருந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை வருஷம் கழிச்சு அதைக் குத்தி எடுக்கச் சொல்றீங்க.

கோவைக்காரி

பிஎஸ்-4 (புகை அளவு விதி) பெட்ரோல் வண்டிக்கு பொல்யூஷன் டெஸ்ட்ல கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டரைக் குடைஞ்சு எடுத்த வண்டி அந்தக் கணக்குக்குள்ள நேர்வழியில வராது. இவருக்கு எஃப்சி வேற வருது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் மோட்டார் வாகனச் சட்டம் 190(2)ல புகை, சத்தம் ரெண்டுக்கும் அபராதம் 10,000 வரைக்கும் போகும், லைசென்ஸும் மூணு மாசம் முடங்கும். மிச்சம் பிடிக்கிற வழியா இது?

மைலேஜ்_மாமன்

சரிம்மா, சொன்னது தப்புதான். விடுங்க.

ரசாயன_வாத்தி

கடலுக்கு ரெண்டு தெரு தள்ளின்னு சொன்னதும் எல்லாருக்கும் கடல்காத்துதான் ஞாபகம் வரும். வெளித் துருவுக்கு அது காரணம், சரி. ஆனா பின் டப்பா பெரும்பாலும் உள்ள இருந்துதான் அழுகுது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும். நம்ப மாட்டீங்க, ஆக்டேனை வச்சுக் கணக்குப் போட்டுப் பாருங்க. சைலன்சர் சூடா இருந்தா அது ஆவியாவே வெளிய போயிடும். காலைல பிள்ளையை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து நிறுத்தினா டப்பா சூடேறுறதுக்குள்ள வண்டி நின்னுடும். ஆவி உள்ளயே குளுந்து தண்ணியாகி அடியில தேங்கும். எரிஞ்ச புகையில இருக்கிற கந்தகமும் நைட்ரஜன் ஆக்சைடும் அதுல கரைஞ்சு தண்ணி புளிச்சுப் போகும். அதனாலதான் அதே வயசு வண்டியில ஹைவேல ஓடினது தப்பிக்கும், மார்க்கெட்டுக்கு மட்டும் போனது அழுகும். ஓட்டை அடியில வந்ததும் அதனாலதான். வெல்டு ஓரத்துல முதல்ல வர்றதுக்கும் காரணம் இருக்கு: தகட்டு மேல இருக்கிற அலுமினியப் பூச்சு வெல்டு அடிச்ச இடத்துல எரிஞ்சு போயிருக்கும்.

வாரத்துல ஒரு நாளாவது வண்டியை நிறுத்தாம அரை மணி நேரம் ஓட்டினா டப்பா உள்ள காயும்.

ஊர்சுத்தி

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் வந்ததுக்கு அப்புறம்தான் எல்லா சைலன்சரும் போகுதுன்னு வாட்ஸப்ல வந்துச்சே சார்?

ரசாயன_வாத்தி

ஒரு லிட்டருக்குப் பாத்தா எத்தனால்ல வர்ற தண்ணி பெட்ரோலை விடக் கொஞ்சம் குறைவுதான். மைலேஜ் குறையுறதால கிலோமீட்டர் கணக்குல லேசா கூடும், அவ்வளவுதான். கடலோரம் 14 வருஷம் நின்ன டப்பா அழுக இ20 உதவி தேவையில்ல. ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் பத்தி வேணா தனியா சண்டை போடலாம்.

மதுரை_பட்டறை

வாத்தியார் சொன்னதுல ஒண்ணு. நிறைய கம்பெனி டப்பாவுல அடியில ஊசி அளவுக்கு ஒரு துளை வச்சிருப்பாங்க, அந்தத் தண்ணி வடியத்தான். அதைப் பாத்துட்டு "ஓட்டை இருக்கு, அடைச்சு விடுங்க"ன்னு வண்டியைக் கொண்டு வர்றாங்க. அதையும் அடைச்சுக் காசு வாங்குறவங்க உண்டு. அடைச்சா டப்பா ஆயுசு குறையும். காலைல டெயில் பைப்ல தண்ணி சொட்டுறதும் சாதாரணம்தான்.

புதுப்பேட்டை_பிரியன்

வெளி மார்க்கெட் புது டப்பாவுக்கு முன்னாடி புதுப்பேட்டை ஒரு ரவுண்டு போய் வாங்க. இடிச்ச வண்டியில இருந்து கழட்டின கம்பெனி டப்பாவே கிடைக்கும். முன்னாடி இடிச்சு உடைச்ச வண்டியோட பின் சைலன்சர் பழுதில்லாம இருக்கும் பாருங்க. கையில தூக்கிப் பாருங்க, வெளி மார்க்கெட் டப்பாவை விடக் கனமா இருக்கணும். குலுக்குங்க, தட்டுங்க, உள்ள விரல் விட்டுத் தடவுங்க. புதுசா சில்வர் பெயின்ட் அடிச்சு வச்சிருந்தா தொடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது. டப்பாவைத் தொங்கவிடுற ஹேங்கர் கம்பி உங்க வண்டியோட அதே இடத்துல வருதான்னு பழைய டப்பாவை எடுத்துட்டுப் போய்ப் பக்கத்துல வச்சுப் பாருங்க. வேகன் ஆர்ல பழைய மாடலும் 2010க்கு அப்புறம் வந்ததும் வேற வேற.

கன்வெர்ட்டர் மட்டும் அங்க வாங்காதீங்க. திருட்டு சரக்கா இருக்கலாம், உள்ள காலியாவும் இருக்கலாம்.

ஸ்காபரோ_தமிழன்

உங்கட கடல்காத்தே பரவாயில்ல. நாங்கள் இஞ்ச கனடாவில பனிக்காலம் முழுக்க உப்புக்கு மேலதான் ஓடுறம். ரோட்டில பனி உருகவெண்டு கொட்டுற உப்பு அடிச்சட்டம், பிரேக் பைப், சைலன்சர் எல்லாத்தையும் தின்னும். அதால ஒரு விசயம் பழகிப்போச்சு: எல்லாத்துக்கும் வெல்டிங் தேவையில்ல. அழுகின துண்டை வெட்டி எடுத்துப்போட்டு, பழைய பைப்புக்கு மேல இறுக்கமா ஏறுற அளவில ஒரு பைப் துண்டை ரெண்டு பக்கமும் நல்ல தகட்டில ஏத்தி, பட்டையான பேண்ட் கிளாம்ப் போட்டு இறுக்கினால் வருசக்கணக்கா நிக்கும். தனியப் படுத்திருந்து வீட்டிலயே செய்யலாம், நெருப்பு இல்லை. யு மாதிரி இருக்கிற கிளாம்ப் வாங்காதேங்கோ, அது பைப்பை நசுக்கிப் போடும், பிறகு கழட்டேக்க கஷ்டம்.

பனிக்காலம் முடிய அடிப்பக்கத்தைத் தண்ணி அடிச்சுக் கழுவோணும். நீங்களும் மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியில அடிப்பக்கம் கழுவினால் உதவும்.

நாலு_சக்கரம்

ஒரேயடியா ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல பண்ணிட்டா ஆயுசுக்கும் தொல்லையில்லையே? கோவை பக்கம் 304ன்ற ஸ்டெயின்லெஸ் ரகத்துல சைலன்சர் வளைச்சுத் தர்றாங்களே.

மதுரை_பட்டறை

தர்றாங்க. 304ல ஆர்கான் வெல்டிங்ல பண்ணினா நல்லாவே இருக்கும். ஆனா வண்டி விலை என்ன, சைலன்சர் விலை என்னன்னு பாருங்க. ரெண்டு மூணு வருஷம் ஓட்டப் போற வண்டிக்கு அது அதிகம். இன்னொண்ணு, பாதி எஸ்எஸ், பாதி சாதா இரும்புன்னு ஒட்டும்போது 309 ரக வெல்டிங் கம்பி (ஃபில்லர்) போட்டு அடிக்கணும். கையில கிடைச்ச கம்பியை வச்சு அடிச்சா ஜாயின்ட்ல விரிசல் விடும், எஸ்எஸ் பளபளன்னு இருக்கும், பக்கத்துல இரும்பு துரு பிடிச்சு உதிரும். சத்தம் அதிகமா வர்ற ஃப்ரீ ஃப்ளோ டப்பாவைத் தலையில கட்டிடப் போறாங்க, அதையும் பாத்துக்கங்க.

கடலோர_வேகன்

வேலை முடிஞ்சது. புதுப்பேட்டைல பாத்த டப்பா எல்லாமே சில்வர் பெயின்ட் அடிச்சதுதான், அதனால ஜிபி ரோட்ல வெளி மார்க்கெட் புது பின் சைலன்சர் வாங்கினேன், 2,650. கம்பெனி டப்பாவை விட லேசா இருக்கு, அது உண்மை. ஹேங்கர் ரப்பர் மூணும் கேஸ்கட்டும் சேர்த்து 380. பக்கத்துப் பட்டறைக்காரர்கிட்டயே கொடுத்தேன். பாவம், 400 ரூபாய் வேலைன்னு சொன்னவர், ஃப்ளாஞ்ச் புதுசு வச்சு சிஓ2ல அடிச்சு, போல்ட் அறுத்து எல்லாம் சேர்த்து 900 வாங்கினார். நைலாக் நட்டைப் பத்தி சொன்னதும் "இதெல்லாம் யார் சார் சொல்லித் தர்றா"ன்னு சிரிச்சுட்டு டப்பாவுல தேடி முழு இரும்பு நட்டு எடுத்துப் போட்டார். வெல்டு அடிச்ச இடத்துல சூடு தாங்குற பெயின்ட் நானே அடிச்சேன்.

பழைய டப்பாவை ஆசைக்கு அறுத்துப் பாத்தோம். தடுப்புத் தகடு ஒண்ணு முழுசா கழண்டு கிடந்துச்சு. அடியில ஒரு விரல் உயரத்துக்குத் துருச் சேறு.

சர்வீஸ் சென்டர்ல நடு பைப் ஏன் மாத்தணும்னு போன்ல கேட்டேன். "ரெண்டும் ஒரே வயசு சார்"னு பதில். தட்டிப் பாத்தீங்களான்னு கேட்டதுக்கு பதில் வரல.

பழைய_எண்ணூறு

ரப்பர் மூணையும் மாத்தினது நல்ல காரியம். அதுல ஒண்ணு அறுந்தா டப்பா தொங்கி, எல்லா பாரமும் அந்த ஃப்ளாஞ்ச் வெல்டு மேலதான் விழும். நூறு ரூபாய் ரப்பர் போய் ரெண்டாயிரம் ரூபாய் டப்பா உடையுற கதை நிறைய பாத்தாச்சு.

ஊர்சுத்தி

சம்பந்தப்பட்ட கேள்வி. சித்தப்பா வண்டி பழைய சான்ட்ரோ. சைலன்சர் ஓட்டையே இல்ல, தட்டிப் பாத்தாச்சு, ஈரத்துணி டெஸ்டும் பண்ணியாச்சு. ஆனா கட்டில் ஏத்திட்டு டிக்கியைத் திறந்து கயிறு கட்டிப் போனப்போ உள்ள ஒரே புகை நாத்தம், சித்திக்குத் தலை சுத்துச்சு. எங்கருந்து வருது?

கோவைக்காரி

டெயில் பைப்ல இருந்துதான். கார் ஓடும்போது பின்பக்கம் காத்தழுத்தம் குறையும், வெளிய போன புகை அங்கயே சுழலும். டிக்கி திறந்திருந்தா அது நேரா உள்ள வரும். டிக்கி ஓர ரப்பர் கிழிஞ்சிருந்தாலும் லேசா இது நடக்கும், அதையும் பாருங்க. அப்படி ஏத்தித்தான் ஆகணும்னா முன் கண்ணாடி ரெண்டையும் இறக்கி, ஏசியை வெளிக்காத்துல வச்சு ஃபேனைக் கூட்டி, கொஞ்ச தூரம் மட்டும் போங்க. கட்டிலுக்கு டாடா ஏஸ் சொல்லிடுறது இன்னும் நல்லது.

நாலு_சக்கரம்

என்னது பிஎஸ்-6 டீசல். டிபிஎஃப் (டீசல் கரியை வடிகட்டுற டப்பா) பக்கத்துல ஃப்ளாஞ்ச்ல துரு, லேசா கரி கசியுது. இதே மாதிரி வெளிய கொடுத்து பத்த வச்சுடலாமா?

மதுரை_பட்டறை

அதுல கை வைக்க மாட்டேன் சார். அந்த டப்பாவுக்கு முன்னயும் பின்னயும் பிரஷர் குழாய், சூடு பாக்குற சென்சார்னு வரிசையா இருக்கும். உள்ள இருக்கிற பீங்கான் வடிகட்டி ஒரு சுத்தியல் அடியில விரிசல் விடும், அதோட விலை உங்களுக்கே தெரியும். கேஸ்கட், போல்ட் மட்டும் மாத்தினா போதுமான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க, பெரும்பாலும் அதுலயே நிக்கும். வாரன்டி இருந்தா வெளிய எங்கயும் ஸ்பேனர் வைக்க விடாம கம்பெனிக்கே கொண்டு போங்க. டிபிஎஃப்க்குப் பின்னாடி வர்ற பைப்பும் டப்பாவும் வேணா என்கிட்ட கொண்டு வாங்க, அதை அடிச்சுத் தர்றேன்.